நான்கு சக்கரமும் இரண்டு வழியும்

சாலைக்காக வண்டி அமைந்ததா, வண்டிக்காகச் சாலை அமைந்ததா என்று வினவினால், இரண்டும் உண்மை என்றே விடை கூறவேண்டும். நல்ல சாலை உள்ள இடத்தில் வண்டி விரைவை நாடியது. சாலையே இல்லாத நிலத்தில் பிடிப்பை நாடியது. இவ்விரு நாட்டங்களையும் ஒரே வண்டியில் இணைக்க மனிதன் செய்த முயற்சியே நான்கு சக்கர இயக்கத்தின் வரலாறு. தொழிலின் பொருட்டு அஸ்ஸாமிலும் இமாசலத்திலும் இராஜஸ்தானத்திலும் வாழும் நம்மவர் பலர் இத்தகைய வண்டிகளை ஓட்டியும் அவற்றில் ஏறியும் செல்கின்றனர். அவர்களுக்கு இவ்வரலாறு பயன்படும் அறிவும் ஆகும்.

சாதாரண மோட்டார் வண்டியில் இஞ்சினின் விசை இரண்டு சக்கரங்களுக்கே செல்கிறது. அவை சேற்றில் புதைந்தால் மற்ற இரண்டும் வாளா நிற்கும். நான்குக்கும் விசை சென்றால் இக்குறை நீங்கும் என்பதை 1903ஆம் ஆண்டிலேயே உணர்ந்து, ஹாலந்து நாட்டு ஸ்பைக்கர் நிறுவனத்தார் அத்தகைய கார் ஒன்றைச் செய்தனர்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. வண்டி திரும்பும்போது முன்சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின்சக்கரங்கள் சிறிய வட்டத்திலும் செல்கின்றன. ஈர மண்ணில் பதிந்த தடத்தைப் பார்த்தால் இது விளங்கும். ஆகவே முன்சக்கரங்கள் சற்று மிகுதியாகச் சுழலவேண்டும். முன்னச்சையும் பின்னச்சையும் இறுகப் பிணைத்துவிட்டால் அது இயலாது. மணலிலும் சேற்றிலும் சக்கரம் சிறிதே சறுக்கி அந்த வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார்ச்சாலையிலோ சறுக்க இடமில்லை. பற்சக்கரங்களில் இறுக்கம் ஏறும், டயர் தேயும், வண்டி திரும்ப மறுக்கும்.

இச்சிக்கலுக்கு இரண்டு விடைகள் தோன்றின. வேண்டும்போது மட்டும் முன்னச்சை இணைத்துக்கொள்வது ஒன்று. இது பகுதிநேர இயக்கம். எப்போதும் நான்கு சக்கரமும் இயங்க, இடையில் வேறுபாட்டைத் தாங்கும் கருவி ஒன்றை அமைப்பது மற்றொன்று. இது முழுநேர இயக்கம்.

பகுதிநேர இயக்கத்தை உலகறியச் செய்தது ஜீப் வண்டியே. 1940ஆம் ஆண்டில் அமெரிக்கப் படையினர் சிறிய போர்வண்டி ஒன்றை வேண்டினர். மாதிரி வண்டிக்கு அவர்கள் அளித்த தவணை 49 நாட்கள். பான்டம் என்னும் சிறு நிறுவனம் அதற்குள் அதைச் செய்து முடித்தது. பின்னர் வில்லிஸ், போர்டு ஆகிய நிறுவனங்கள் போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. அவ்வண்டியில் கியர் தடியின் பக்கத்தில் வேறு இரு சிறு தடிகள் இருந்தன. ஒன்று முன்னச்சை இணைப்பது. மற்றொன்று ஏற்றத்திற்குரிய மெதுவான கியரைத் தருவது. உறுப்புகள் சில, பழுது பார்ப்பது எளிது. எப்போது இணைப்பது, எப்போது விடுவிப்பது என்னும் அறிவு மட்டும் ஓட்டுநரிடம் இருக்கவேண்டும்.

இந்த மரபே நம் நாட்டிலும் வேரூன்றியது. 1947ஆம் ஆண்டில் பம்பாயில் மகிந்திரா நிறுவனத்தார் வில்லிஸ் ஜீப்புகளைக் கோத்து விற்கத் தொடங்கினர். 1969 முதல் ஜபல்பூர்த் தொழிற்சாலையில் படைக்காக ஜோங்கா உருவாயிற்று. 1985இல் மாருதி ஜிப்ஸி வந்தது. 2020இல் புதுவடிவில் வெளிவந்த மகிந்திரா தார் வண்டியும் இவ்வழியினதே.

முழுநேர இயக்கத்தின் கதை சுற்றி வளைத்துச் சென்ற ஒன்று. இங்கிலாந்தின் ரோவர் நிறுவனத்தைச் சேர்ந்த மாரிஸ் வில்க்ஸ் என்னும் பொறியாளர் தம் பண்ணையில் போர்க்கால ஜீப் ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். அதைப் பார்த்து எழுந்த எண்ணமே 1948ஆம் ஆண்டின் லாண்ட் ரோவர். முதல் வண்டிகளில் நான்கு சக்கரமும் எப்போதும் இணைந்திருந்தன. முன்சக்கரங்கள் வளைவில் முந்திச் சுழல, மிதிவண்டியின் பின்சக்கரத்தில் இருப்பது போன்ற தளர்ச்சிச் சக்கரம் ஒன்று இடம் தந்தது. சில ஆண்டுகளில் அதைக் கைவிட்டு, ஜீப்பின் வழிக்கே அவர்கள் திரும்பினர்.

அவ்வெண்ணம் முழுவெற்றி கண்டது 1970இல் வெளிவந்த ரேஞ்ச் ரோவர் வண்டியில். இரண்டு அச்சுகளுக்கும் நடுவே ஒரு டிபரன்ஷியலை வைத்தனர். அது முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுழல விட்டது. ஆனால் டிபரன்ஷியலுக்கு ஒரு பலவீனம் உண்டு: எளிதாகச் சுழலும் பக்கத்துக்கே சுழற்சியை விட்டுவிடும். ஒரு சக்கரம் சேற்றில் வீணே சுழன்றால் மற்ற மூன்றும் நின்றுவிடக்கூடும். ஆகவே தேவைப்படும்போது நடு டிபரன்ஷியலைப் பூட்டிவிடும் வசதியும் வைத்தனர். பூட்டியவுடன் அது ஜீப்பைப் போலவே நடந்துகொள்ளும். 1983இல் உழவர்க்குரிய லாண்ட் ரோவரும் இம்முறைக்கு மாறிற்று.

இரண்டில் எது சிறந்தது? சாலையே விடை கூறும். நெடுந்தொலைவு காய்ந்த சாலையில் ஓடி, ஆற்றுப்படுகையிலோ மணல்மேட்டிலோ சில நேரம் இறங்கும் வண்டிக்குப் பகுதிநேர இயக்கமே போதும், செலவும் குறைவு. மணாலிக்கு அப்பாலுள்ள மலைச்சாலையில் நிலைமை வேறு. குளிர்காலத்தில் நிழல் விழும் வளைவில் பனி உறைந்திருக்கும். வெயில் படும் அடுத்த வளைவு காய்ந்திருக்கும். வளைவுதோறும் இணைத்தும் விடுவித்தும் செல்வது எளிதன்று. அங்கே முழுநேர இயக்கம் ஓட்டுநரின் சுமையைக் குறைக்கிறது.

எனினும் இரண்டுக்கும் பொதுவான எல்லை ஒன்று உண்டு. நான்கு சக்கர இயக்கம் வண்டியைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது. பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரத்துக்கும் உண்டு. பனியில் வண்டியை நிறுத்துவது டயரின் பிடிப்பே. ஏற்றத்தில் இடர்ப்படாமல் ஏறிய வண்டி, இறக்கத்திலும் அவ்வாறே அடங்கி நிற்கும் என்று நம்பி விரைபவர் உயிரைப் பணயம் வைக்கின்றனர். இயந்திரம் எது செய்யும் என்பதை அறிவது பாதி அறிவு; எது செய்யாது என்பதை அறிவதே மறுபாதி. மலைநாட்டில் வண்டி ஏறும் நாம் இவ்விரண்டையும் அறிந்து ஏறுவோமாக.