உம்மு ஸஅதின் கிணறு

மறைந்தவர்களை மறவாதிருக்கும் முறையை நமக்குக் கற்பித்தது மதீனாவின் ஓர் எளிய இல்லம். ஹிஜ்ரத்துக்கு மூன்றாண்டுகள் முன்னர், கி.பி. 619 அளவில், அன்னை கதீஜா நாயகி (ரலி) அவர்கள் மறைந்தார்கள். வரலாற்றாசிரியர்கள் அவ்வாண்டைத் ‘துயர ஆண்டு’ என்றே குறித்தனர். ஆண்டுகள் சென்ற பின்னும், வீட்டில் ஆடு அறுத்தால் பெருமானார் (ஸல்) அவர்கள் அதனைப் பங்கிட்டுக் கதீஜா நாயகியின் தோழியருக்கு அனுப்பி வைப்பது வழக்கம். இதனை அறிவிப்பவர் ஆயிஷா நாயகி (ரலி) அவர்களே.

கஸ்ரஜ் கூட்டத்தாரின் தலைவர் ஸஅத் இப்னு உபாதா (ரலி) வெளியூர் சென்றிருந்த வேளையில் அவருடைய தாயார் மௌத்தானார். கடைசி நேரத்தில் அருகில் இல்லாத மகனின் வேதனையைச் சொல்லவும் வேண்டுமோ! “தாயின் பேரால் தர்மம் செய்தால் அது அவரைச் சென்றடையுமா?” என்று பெருமானாரிடம் கேட்டார். “ஆம்” என்றதும் தம் தோட்டத்தையே தர்மமாக்கினார். கிணறு வெட்டி, “இது உம்மு ஸஅதுக்கு உரியது” என்றார் என்பது மற்றோர் அறிவிப்பு. உம்மு ஸஅது என்றால் ஸஅதின் தாய். பிறர் தாகம் தீர்த்த தண்ணீரே அத்தாயின் நினைவாயிற்று.

நம் தமிழகத்து இல்லங்களிலும் இவ்வுணர்வே வேரூன்றியது. யாசீன் ஓதுதல், குர்ஆன் கத்தம் செய்தல், கபுறு ஜியாரத், ஏழைகளுக்கு உணவளித்தல் என வழக்கங்கள் வளர்ந்தன. நாள் குறித்துச் செய்வது பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயின் தர்மமும் துஆவும் பயனளிக்கும் என்பது அனைவரும் ஏற்றதாகும்.

அந்நாளை நினைவில் வைப்பதற்கும் ஒரு முறை இருந்தது. ஹிஜ்ரி ஆண்டு 354 அல்லது 355 நாள்களே கொண்டது. ஆகவே ஒருவர் மறைந்த நாள் சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வரும். மழையில் அடக்கிய வாப்பாவுக்கு வெயிலில் ஓத நேரும். எனவே பிறையும் மாதமும் குறித்த ஏடு வீட்டிற்கு இன்றியமையாததாயிற்று.

என் வாப்பாவின் ஏடு என்னிடம் உள்ளது. மௌலூது மாதம், நோன்பு மாதம் என்று பிரித்து, மறைந்தோர் பெயர்களை அரபுத்தமிழில் எழுதியிருக்கிறார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரியோர்கள் மார்க்க நூல்களை இயற்றிய எழுத்து அது. தமிழுக்கே உரிய ஒலிகளுக்காக அரபு எழுத்துகளில் புள்ளிகளும் குறிகளும் கூட்டி அமைக்கப்பெற்றது. ஊரார் பிள்ளைகளுக்கு அரபு கற்பித்த நான், என் மக்களுக்கு இவ்வெழுத்தைக் கற்பிக்கத் தவறினேன். எனக்குப் பின் இவ்வேட்டின் பெயர்களை யார் வாசிப்பது என்ற கவலை நெடுநாள் என்னை வாட்டியது.

அண்மையில் குர்ஆன் ஓதும் என் பேத்தியிடம் அதனைக் கொடுத்தேன். புதிய எழுத்துகள் சிலவற்றை மட்டும் சொல்லித் தந்தேன். எழுத்துக்கூட்டி வாசித்தவள் திடீரென நிமிர்ந்து, “அப்பா, இது நம்ம பேச்சுதானே!” என்றாள்.

அன்றிரவே தன் பெரியும்மாவின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தாள். உங்கள் வீட்டுப் பெட்டியிலும் அத்தகைய ஏடு ஒன்று இருக்கக்கூடும். கறையான் வாசிக்கும் முன்னர் குழந்தைகள் வாசிக்கட்டும். ஸாலிஹான பிள்ளையின் துஆ மரணித்தவருக்குத் தொடர்ந்து பயனளிக்கும் என்பது நபிமொழி. துஆச் செய்யப் பெயர் தெரிந்திருக்க வேண்டாமா?