ஊரகச் சாலை வலையமைப்புத் திட்டமிடல்

ஊரகச் சாலை வலையமைப்புத் திட்டமிடல் என்பது, ஒரு மாவட்டத்தின் சிற்றூர்களை ஒன்றோடொன்றும், சந்தை, பள்ளி, மருத்துவமனை ஆகியவை அமைந்த ஊர்களோடும் இணைக்கும் சாலைகளை, வருங்கால வளர்ச்சியையும் கணக்கிற்கொண்டு முன்கூட்டியே வரையறுக்கும் பணி ஆகும். எச்சாலையை முதலில் அமைப்பது, எதனை அகலப்படுத்துவது, எந்த நிலத்தில் கட்டடம் எழாமல் காப்பது என்பன இதன் முதன்மையான வினாக்கள். விருதுநகர் மாவட்டத்தில் திருவில்லிபுத்தூருக்கு வடக்கே உள்ள கிருஷ்ணன்கோவில் பகுதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

வரலாறு

இந்தியாவில் சாலைத் திட்டமிடல் 1927-இல் அமைக்கப்பட்ட ஜெயகர் குழுவிலிருந்து தொடங்குகிறது. 1934-இல் இந்தியச் சாலைப் பேராயம் நிறுவப்பட்டது. 1943-ஆம் ஆண்டின் நாக்பூர் திட்டம் சாலைகளைத் தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதரச் சாலை, ஊர்ச் சாலை என ஐந்தாகப் பிரித்தது. இப்பகுப்பு பெரிதும் இன்றும் வழக்கில் உள்ளது. 100 சதுர கி.மீ. பரப்புக்கு 16 கி.மீ. சாலை என்பது அதன் இலக்கு. 1961-இல் தொடங்கிய பம்பாய்த் திட்டம் இதனை 32 கி.மீ. ஆகவும், 1981-இல் தொடங்கிய லக்னோ திட்டம் 82 கி.மீ. ஆகவும் உயர்த்தின.

2000 திசம்பர் 25 அன்று தொடங்கப்பட்ட பிரதம மந்திரி ஊரகச் சாலைத் திட்டம் நீளத்தை விட்டு, குடியிருப்பையே அலகாகக் கொண்டது. சமவெளியில் 500 பேருக்கு மேல் வாழும் ஒவ்வொரு குடியிருப்புக்கும் எல்லாப் பருவத்திலும் பயன்படும் ஒரு சாலை என்பதே அதன் அளவுகோல். இதற்கென மாவட்டந்தோறும் 'அடிப்படை வலையமைப்பு' வரையப்பட்டது. செலவு குறைந்த முறைதான். ஆனால் ஒற்றைச் சாலையை மட்டும் நம்பிய ஊர், அச்சாலையின் ஒரு பாலம் உடைந்தால் துண்டிக்கப்பட்டுவிடும். 2019-இல் ஒப்புதல் பெற்ற மூன்றாம் கட்டத்தில், வேளாண் சந்தைகள், மேல்நிலைப் பள்ளிகள், மருத்துவமனைகள் ஆகியவற்றுக்குச் செல்லும் வழித்தடங்களை மேம்படுத்துவதற்கு முதன்மை தரப்பட்டது.

கணக்கீடு

ஒவ்வொரு வழித்தடத்துக்கும் அது பயன்தரும் மக்கள்தொகை, விளைபொருள் ஆகியவற்றுக்கு மதிப்பெண் இட்டு, அதனைச் சாலையின் நீளத்தால் வகுத்து முன்னுரிமை கணிக்கப்படுகிறது. போக்குவரத்துப் பெருக்கம் கூட்டு வளர்ச்சியாகக் கணக்கிடப்படும். எடுத்துக்காட்டாக, நாளொன்றுக்கு 200 வண்டிகள் செல்லும் சாலையில் ஆண்டுக்கு 6 விழுக்காடு வளர்ச்சி இருந்தால், பத்தாம் ஆண்டின் முடிவில் ஏறத்தாழ 358 வண்டிகள் செல்லும். 3.75 மீ. தார்த்தளத்தைப் பின்னர் அகலப்படுத்தலாம். இருபுறமும் வீடுகள் எழுந்த பின் நிலத்தை அகலப்படுத்துவது அரிது. ஆதலால் தார்த்தளம் குறுகியதாக இருப்பினும் நிலத்தை அகலமாக ஒதுக்கிவைப்பது நல்லது. தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம், 2001, இதற்காகவே நெடுஞ்சாலைகளுக்குக் கட்டட எல்லைக்கோடு வரையறுக்க வழிசெய்கிறது.

கிருஷ்ணன்கோவில் பகுதி

திருமங்கலம்–கொல்லம் தேசிய நெடுஞ்சாலை (முன்னர் 208, தற்போது 744) இவ்வூர் வழியே செல்கிறது. இங்கிருந்து வத்திராயிருப்புக்குச் சாலை பிரிகிறது. பிளவக்கல் அணைப் பாசனப் பகுதியின் நெல், தேங்காய் முதலியவை இவ்வழியே வெளியேறுகின்றன. 1984-இல் இங்கு நிறுவப்பட்ட கலசலிங்கம் பொறியியல் கல்லூரி பின்னர் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. பேருந்துகளும் மாணவர்களும் தொலைதூர லாரிகளும் ஒரே சாலையில் கலப்பது இத்தகைய சந்திப்பூர்களின் இயல்பு.

ஆடி அமாவாசையையொட்டிச் சதுரகிரி மலைக்குச் செல்லும் பெருங்கூட்டம் வத்திராயிருப்பு, தாணிப்பாறை வழியே செல்கிறது. ஏழு நாள் வண்டிக் கணக்கெடுப்பு வேறொரு மாதத்தில் நடந்தால் இக்கூட்டம் கணக்கில் வராது. ஆண்டுச் சராசரியை மட்டும் நம்பும் திட்டங்களின் குறை இதுவே.

2020-களின் தொடக்கத்தில், திருமங்கலம் முதல் இராஜபாளையம் வரையிலான ஏறத்தாழ 72 கி.மீ. நீளத்தை நான்குவழிச் சாலையாக்கும் பணி தொடங்கியது. இதனால் ஊர்களுக்குள் லாரி நெரிசல் குறையும். எனினும், பொதுவாக இத்தகைய சாலை வயல்வழிகளைக் குறுக்கே வெட்டுமிடத்தில் சுரங்கப்பாதையோ இணைச்சாலையோ அமையாவிடின், எதிர்ப்புற வயலுக்குச் செல்லும் உழவர் நெடுந்தொலைவு சுற்ற நேரிடும். தேசிய நெடுஞ்சாலை ஒரு துறையிடமும், மாவட்டச் சாலை மற்றொன்றிடமும், ஒன்றியச் சாலை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருப்பதால், மூன்றையும் ஒரே வரைபடத்தில் காண்பது அரிதாகிறது.

மேற்கில் வளர்ச்சிக்கு மலையே எல்லை. வத்திராயிருப்புப் பகுதியிலிருந்து தேனி மாவட்டத்தின் வருசநாட்டுக்கு மலைச்சாலை வேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கை. சாலை அமைந்தால் சுற்றுவழி பெரிதும் குறையும். ஆனால், இம்மலைத்தொடர் 2021-இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் அடங்கும். வைகையின் நீர்ப்பிடிப்புக் காடுகளும் இதனுள் உள்ளன.