காந்த நாடாவின் சாட்சியம்

அச்சின் சரித்திரம் நமக்கு ஓரளவு தெரியும். குரல் எப்படிப் பதிவாயிற்று என்பதன் சரித்திரத்தை மட்டும் ரேடியோ ரிப்பேர்காரர்களிடம் விட்டுவிட்டோம். நஷ்டம் இலக்கியக்காரர்களுக்குத்தான். காந்த நாடா வந்தபின் 'அவர் பேசினார்' என்ற வாக்கியத்தின் அர்த்தமே மாறிவிட்டது. மாறிய இடத்தையும் வருஷத்தையும்கூடச் சொல்லிவிடலாம். ஜெர்மன் டேப்ரிகார்டர்கள் இரண்டை ஒருவர் பிரித்து, கடல் தாண்டி அனுப்பி, மறுபடியும் பூட்டினார். அதில் நிகழ்ந்தது அது.

சிகரெட் நுனிக்குப் பொன்னிறப் பட்டை போடும் வித்தையில் தேர்ந்தவர் ஃப்ரிட்ஸ் ஃப்ளாய்மர். அதே வித்தையைக் கொண்டு காகித நாடாவில் இரும்புத்தூளை ஒட்டி, 1928ல் அதில் ஒலியைப் பிடித்தார். ஏ.இ.ஜி. கம்பெனி அதை வாங்கி வளர்த்து, 1935ல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் 'மாக்னெட்டோஃபோன்' என்று காட்டியது. 1936ல் தாமஸ் பீச்சமின் லண்டன் பில்ஹார்மானிக் குழு லுட்விக்ஸ்ஹாஃபனில் வாசித்ததைப் பதிவு செய்தார்கள். பதிவு ஆயிற்று, இரைச்சல் போகவில்லை. 1940ல் ஜெர்மன் வானொலியின் பொறியாளர் வால்டர் வெபருக்கு, பழுதாகித் தானே அதிர ஆரம்பித்த ஓர் ஆம்ப்ளிஃபயர் விடை சொல்லிற்று. காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் மின்னோட்டம் ஒன்றை ஒலியோடு சேர்த்துச் செலுத்தினால் நாடாவின் இரைச்சல் அடங்குகிறது. அமெரிக்கக் கடற்படைக்காக உழைத்த இருவர் கம்பிப் பதிவில் இதற்கு 1927லேயே பேடண்ட் வாங்கியிருந்தார்கள். ஆனால் அது பரவவில்லை.

யுத்தத்தின்போது இங்கிலாந்தில் இருந்த அமெரிக்க ராணுவப் பொறியாளர் ஜாக் மல்லின், நள்ளிரவு தாண்டி ஜெர்மன் வானொலியில் பெரிய வாத்திய கோஷ்டிகளைக் கேட்டார். இசைத்தட்டின் கரகரப்பு இல்லை, தட்டு மாற்றும் இடைவெளியும் இல்லை. அகால வேளையில் ஹிட்லர் ஒரு கோஷ்டியையே எழுப்பி வாசிக்க வைக்கிறாரோ என்று யோசிக்க வேண்டியிருந்தது. விடை 1945ல் பாட் நவ்ஹைமில், ரேடியோ ஃப்ராங்க்ஃபர்ட்டின் ஸ்டுடியோவில் கிடைத்தது. இரண்டு இயந்திரங்களைத் தபால் பையில் அடங்கும்படி துண்டு துண்டாகப் பிரித்து, 50 சுருள் நாடாவோடு ஸான் ஃப்ரான்ஸிஸ்கோவுக்கு அனுப்பினார். ஊர் திரும்பியதும் ஹெட்டையும் ஓட்டும் பாகத்தையும் வைத்துக்கொண்டு, மின்சுற்றுகளை மட்டும் அமெரிக்க உதிரிகளால் புதிதாகக் கட்டினார். 1946 மே 16ல் பொறியாளர்கள் கூட்டத்தில் அது ஓடிற்று.

1947ல் பாடகர் பிங் க்ராஸ்பி இவரைக் கூப்பிட்டுக்கொண்டார். நேரடி ஒலிபரப்பின் கடிகாரத்திலிருந்து தப்புவது க்ராஸ்பியின் தேவை. அக்டோபர் 1ல் ஒலிபரப்பான அவருடைய நிகழ்ச்சி, அதற்கு முன்பே இந்த இயந்திரங்களில் பதிவாகி, வெட்டி ஒட்டப்பட்டது. 1948ல் ஆம்பெக்ஸ் இயந்திரம் வரும்வரை அந்த 50 சுருள்களையே அழித்து அழித்துப் பயன்படுத்தினார்கள். மல்லின் பிற்பாடு சொன்ன விஷயம் ஒன்று. பாப் பர்ன்ஸ் என்ற விகடக்காரர் ஒலிபரப்ப முடியாத பச்சை ஜோக்குகளைச் சொல்லி அரங்கைக் குலுக்கினார். ஜோக்கை வெட்டிவிட்டார்கள், சிரிப்பை எடுத்து வைத்துக்கொண்டார்கள். சில வாரம் கழித்து, யாரும் சிரிக்காத வேறொரு நிகழ்ச்சியில் அதை ஒட்டினார்கள்.

இதற்கு எதிர்முனையில் இன்னொரு நாடா இருக்கிறது. யுத்தத்தின் கடைசி மாதங்களில் பெர்லினில் வால்டர் கீஸெகிங் பீத்தோவனின் ஐந்தாவது பியானோ கன்ஸர்ட்டோவை வாசித்தார். ஸ்டீரியோவில் ஆன பதிவு. பியானோ மெலியும் இடங்களில் விமான எதிர்ப்புப் பீரங்கிகளின் சத்தம் கேட்கிறது. வாசிப்பு நிற்கவில்லை. அந்த ஊர் அந்த வேளையில் எப்படி இருந்தது என்று எந்த நாட்குறிப்பும் இத்தனை நெருக்கத்தில் சொல்லாது. ஒரே வகை இயந்திரம், ஒரே வகை நாடா. ஒன்று பொய்ச் சிரிப்பைக் கற்றுக்கொண்டது, மற்றது பீரங்கியைச் சேர்த்தே வைத்துக்கொண்டது.

நான் வங்கியில் வேலை பார்ப்பவன். வவுச்சரில் தொகை தப்பாக விழுந்தால் சுரண்டக் கூடாது. பழைய எண் தெரியும்படி கோடு கிழித்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் இனிஷியல் போட வேண்டும். இந்த ஒழுங்கு நாடாவில் கிடையாது. வெட்டி ஒட்டிய இடம் நாடாவில் தெரியும். ஆனால் அதை வேறொரு நாடாவுக்குப் பிரதி எடுத்துவிட்டால் அதுவும் தெரியாது. குரல் ஆவணமாக ஆன அதே வருஷங்களில் திருத்தல் தடயமில்லாமலும் ஆயிற்று.

ஆகவே பழைய டேப்ரிகார்டரை உயிர்ப்பிக்கிறவனின் வேலை வெறும் மராமத்து அல்ல என்பது என் கட்சி. பெல்ட், ரப்பர் உருளை, கெட்டுப்போன கண்டென்ஸர்கள் — இவற்றை மாற்றிவிடலாம். கடினம் ஹெட்டின் சாய்வில் இருக்கிறது. பதிவு செய்த இயந்திரத்தின் ஹெட் கோணலாக இருந்திருந்தால், கேட்கிற இயந்திரத்தின் ஹெட்டையும் அதே அளவு கோணலாக்க வேண்டும். அப்போதுதான் குரல் தெளியும். நம் விமர்சகர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இது. பிரதியின் கோணலுக்குத் தன்னைத் திருப்பிக்கொள்ளாதவன், அதை மங்கலாகப் படித்துவிட்டு ஆசிரியனுக்குத் தெளிவில்லை என்கிறான்.

நாடாவுக்கும் ஆயுள் உண்டு. 1970களிலிருந்து வந்த சில வகைகள், ஆம்பெக்ஸின் 456 உட்பட, ஈரம் உறிஞ்சிப் பிசுபிசுத்து ஹெட்டில் ஒட்டுகின்றன. அவற்றை 50 டிகிரிச் சொச்சத்தில் பல மணிநேரம் உலர்த்தினால் சில வாரம் ஓடும். அதற்குள் பிரதி எடுத்துவிட வேண்டும். அதே சூட்டில் பழைய அசிடேட் நாடா பாழாகிவிடும். இன்ன நாடா என்று தெரியாமல் கை வைக்கக் கூடாது.

எடுக்கும் பிரதி எப்படிப்பட்டது என்பதுதான் இன்றைய கேள்வி. ஒரு ரசிகர் வீட்டு ஸ்பூல் டேப்பிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றிய கச்சேரி ஒன்றைச் சமீபத்தில் கேட்டேன். இரைச்சல் துடைக்கும் மென்பொருள் தம்புராவையும் இரைச்சல் என்று துடைத்திருந்தது. பாடகர் வெற்றிடத்தில் நின்று பாடிக்கொண்டிருந்தார். மூல நாடாவை ஏற்கெனவே தூக்கி எறிந்தாயிற்றாம். பெர்லின் பதிவு இந்தக் கைகளில் சிக்கியிருந்தால் பீரங்கியும் போயிருக்கும்.

வாங்கி வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. முதல் பிரதியை இருமலோடும் இரைச்சலோடும் எடுங்கள். துடைப்பதானால் இன்னொரு பிரதியில் துடையுங்கள். எதைத் துடைத்தீர்கள் என்று எழுதி, பக்கத்தில் இனிஷியல் போடுங்கள்.