மாற்றவா, விடவா?

"நுகேகொட" என்ற ஊர்ப்பெயர் வரும் இடமெல்லாம் "நுகேகொடை" ஆகட்டும் எனக் கணினியிடம் சொல்லிப் பாருங்கள். முன்பே சரியாக இருந்த "நுகேகொடை"க்குள்ளும் அது முதல் வடிவத்தைக் கண்டுபிடிக்கும், ஐகாரக்குறி இரட்டித்துவிடும். கண்ணுக்கு ஒரே எழுத்தான "டை" அதன் கணக்கில் இரண்டு குறிகள். அதனால்தான் ஒவ்வோர் இடத்திலும் நின்று "மாற்றவா?" என்று கேட்கும் கருவி வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்வி நெடுந்தூரம் பயணித்து வந்தது.

1965-66இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பட்லர் லாம்ப்சனும் பீட்டர் டாய்ச்சும் 'கியூஇடி' என்ற உரைத் தொகுப்பியை எழுதினார்கள். கென் தாம்சன் அதைத் திருப்பி எழுதி, சொல்லின் வடிவத்தை விதியாகச் சொல்லித் தேடும் 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்' தேடலைச் சேர்த்தார். 1969இல் அவர் யூனிக்ஸ் இயக்குதளத்துக்காக எழுதிய 'இடி', தவறு நேர்ந்தால் ஒரு கேள்விக்குறியை மட்டும் அச்சிடும். 1974 அளவில் லீ மக்மேன் உருவாக்கிய 'செட்' ஒன்றுமே கேட்காது. உரை ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். நடுவில் பதில் சொல்ல ஆளில்லை.

1976 கோடையில், லண்டன் குவீன் மேரி கல்லூரியின் ஜார்ஜ் கூலூரிஸ் தாம் 'இடி'யைத் திருத்தி எழுதிய 'எம்' தொகுப்பியோடு பெர்க்லிக்குப் போனார். அங்கே பில் ஜாய் என்ற மாணவர் அதைப் பார்த்தார். அந்தப் பார்வையிலிருந்துதான் 'எக்ஸ்', பிறகு 'விஐ' பிறந்தன. மாற்றும் கட்டளையின் முடிவில் 'சி' என்று சேர்த்தால், 'எக்ஸ்' வரியைக் காட்டி, மாறப்போகும் சொல்லின் கீழ் அடையாளமிட்டுக் காத்திருக்கும். 'ஒய்' என்றால்தான் மாற்றும். ஏறக்குறைய அதே காலத்தில் எம்ஐடியின் 'ஈமாக்ஸ்', இடைவெளி விசைக்கு மாற்றியது, அழிப்பு விசைக்கு விட்டுவிட்டது.

'விஐ'யின் மூலநிரல் ஏடி அண்ட் டி உரிமத்தில் சிக்கியிருந்தது; அதுவே, அதைப் போன்ற தொகுப்பிகளைப் புதிதாக எழுதுபவர்களுக்கு நல்வாய்ப்பாயிற்று. 1987இல் அட்டாரி கணினிக்கு 'ஸ்டீவி' என்ற அத்தகைய தொகுப்பி வந்தது. அதன் அமிகா வடிவத்தை எடுத்து பிராம் மூலெனார் 1991இல் 'விம்'மை வெளியிட்டார். இன்றைய 'விம்' "எல்லாவற்றையும் மாற்று", "இதோடு நிறுத்து" என்ற பதில்களையும் ஏற்கிறது.

தமிழுக்கு இது மட்டும் போதாது. இலங்கையில் பரவலாக இருந்த பாமினி எழுத்துருவில் "கொ" என்பது என், எஃப், எச் என மூன்று ஆங்கில விசைகள். யுனிகோடுக்கு மாற்றும்போது நீண்ட கூட்டை முதலில் மாற்ற வேண்டும். அவசரப்பட்டு "கெ"யை முதலில் மாற்றினால், எஞ்சிய கால் தனியாக வந்து ஒட்டிக்கொள்ளும். திரையில் அதே "கொ"தான் தெரியும். உள்ளே குறியீடு வேறு. "நுகேகொடை" என்று தேடுபவருக்கு அந்தப் பக்கம் அகப்படாமல் போகலாம். ஆவணங்களைச் சேமிக்கும் நம்மவர்கள் அஞ்ச வேண்டிய இழப்பு இதுதான் என்பேன்.

மனிதக் கண்ணை நம்பிக் கேட்கப்படும் கேள்வி, கண்ணுக்கே தெரியாத வேறுபாட்டின் முன் பயனற்றுப் போகிறது. ஆகவே தமிழுக்கான கருவி முதலில் இரு குறியீடுகளையும் ஒன்றாக்கட்டும், பின்பு வேற்றுமை உருபோடு முழுச் சொல்லையும், மாறியபின் அது எப்படி இருக்கும் என்பதையும் காட்டிவிட்டு, "மாற்றவா?" என்று கேட்கட்டும்.