மெயிலில் வந்த தமிழ் கிறுக்கல் மாதிரி தெரியுதா? அழிச்சிடாதீங்க... முதல்ல இதைப் பாருங்க!

பருத்தி ஏலத்துக்குப் பேர்போன மூலனூர், தாராபுரம் பக்கம் இப்போது திருப்பூர் கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் யூனிட்கள் நிறைய. சம்பளப் பட்டியல், போனஸ் லிஸ்ட், ஜாப் ஒர்க் கணக்கு எல்லாம் மெயிலில்தான் வந்து போகிறது. அதில் தொழிலாளர்களின் பெயர் தமிழில் இருக்கும். தீபாவளிக்கு முந்தின வாரம் அந்த லிஸ்ட்டைத் திறந்தால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கட்டம், கேள்விக்குறி, புரியாத ஆங்கில எழுத்து! யாருக்கு எவ்வளவு என்று எப்படிப் பார்ப்பது?

"வைரஸ் வந்துடுச்சு" என்று பலரும் மெயிலையே அழித்துவிடுகிறார்கள். அவசரப்படாதீங்க. பெரும்பாலும் உள்ளே எழுத்து பத்திரமாகத்தான் இருக்கும். எந்த வகைக் கிறுக்கல் என்று பார்த்தாலே, மீட்க முடியுமா முடியாதா என்று சொல்லிவிடலாம்.

கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது எண்கள் மட்டும்தான்

'அ' என்று நாம் அடித்தால் அது எண்ணாகத்தான் சேமிக்கப்படும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணைதான் குறியீட்டு முறை. அனுப்பியவர் ஒரு அட்டவணைப்படி எழுதி, உங்கள் போன் இன்னொரு அட்டவணைப்படி படித்தால் கிறுக்கல்தான் வரும். அவ்ளோதான் விஷயம்.

இன்று உலகம் முழுக்கப் பொதுவாக இருப்பது யூனிகோட். அதை மெயிலில் அனுப்பும் முறைக்குப் பெயர் யுடிஎஃப்-8. இதில் தமிழுக்கு ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுத்துக்கொள்ளும். 'தமிழ்' என்ற சொல்லில் நம் கண்ணுக்கு 3 எழுத்து. கம்ப்யூட்டருக்கு த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என 5 குறி, மொத்தம் 15 பைட்.

இந்த 15-ஐ ஐரோப்பிய அட்டவணை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தால், தலையில் சாய்ந்த கோடு போட்ட சின்ன ஆங்கில 'ஏ', அதன் பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்' என்று திரும்பத் திரும்ப வரும். இந்த ஜோடியைப் பார்த்தால் நிம்மதியாக இருங்க. உள்ளே இருப்பது சுத்தமான யூனிகோட் தமிழ், படிக்கிற அட்டவணைதான் தப்பு. தண்டர்பேர்டில் 'வியூ' மெனுவில் 'ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங்' கொடுத்துப் பாருங்க. பழைய அவுட்லுக்கில், திறந்த மெயிலின் 'ஆக்‌ஷன்ஸ்' பகுதியில் 'என்கோடிங்' போய் யுடிஎஃப்-8 தேர்வு செய்யலாம்.

வெறும் கட்டம் கட்டமாக வந்தால் அதைவிடச் சின்னப் பிரச்னை. அந்தக் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை. வேறு போனில் திறந்தாலே சரியாகிவிடும்.

கவலைப்பட வேண்டியது கேள்விக்குறிக்குத்தான். 'தமிழ்' என்ற சொல் வரிசையாக 5 கேள்விக்குறியாக வந்திருந்தால், வழியில் ஏதோ ஒரு மென்பொருள் தனக்குத் தெரியாத ஒவ்வொரு குறியையும் தூக்கிப் போட்டுவிட்டு '?' வைத்துவிட்டது என்று அர்த்தம். அசல் எழுத்து அங்கே இல்லை. எந்த ஆப் போட்டாலும் திரும்பி வராது. அனுப்பியவரிடம் மறுபடி கேட்பதுதான் ஒரே வழி.

தலைப்பில் மட்டும் '4கே6' என்று வருதா?

மெயில் முறை வடிவமைக்கப்பட்டபோது அது ஆங்கிலத்துக்கான 128 குறிகளை மட்டுமே சுமக்கும்படி இருந்தது. மற்ற மொழிகளுக்கு வழி செய்ய 1992-ல் 'மைம்' என்ற விதிமுறை வந்தது. அதன்படி தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தும் எண்ணுமாக மாற்றி அனுப்புவார்கள். முன்னால் ஒரு சமன் குறி, கேள்விக்குறி, 'யுடிஎஃப்-8' என்று இருக்கும். பிறகு 4, 'கே', 6 என்ற மூன்றும் அடிக்கடி வரும். தமிழின் உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் இந்த மாற்றத்தில் 4கே6 என்றுதான் தொடங்கும். பெறுகிற ஆப் அதைப் பிரிக்கத் தவறினால் அப்படியே தெரியும். இங்கேயும் எழுத்து தொலையவில்லை. ஜிமெயிலை பிரவுசரில் திறந்து பார்த்தால் பெரும்பாலும் சரியாகத் தெரியும்.

நம்ம ஊர் ஸ்பெஷல் தலைவலி

ஐரோப்பியர்களுக்கு இல்லாத ஒரு பிரச்னை நமக்கு உண்டு. யூனிகோட் 1991-லேயே தமிழைச் சேர்த்துவிட்டது. ஆனால் அது கம்ப்யூட்டர்களில் பரவுவதற்குள் இங்கே ஆளாளுக்கு ஒரு அட்டவணை! இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடமும் பாமினி, இணையத் தமிழர்கள் மெயில் வழியாகவே விவாதித்து உருவாக்கிய டிஸ்கி, 1999 சென்னை தமிழ்நெட்-99 மாநாட்டைத் தொட்டு வந்த டாம், டாப், அரசு அலுவலகங்களில் வானவில். 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில், யூனிகோடையும் டேஸ்-16 முறையையும் தமிழக அரசு அங்கீகரித்தது. ஆனாலும் பழைய பழக்கம் லேசில் போகுமா? டைப்பிங் சென்டர்களில் இன்னும் பழைய எழுத்துரு ஓடுது.

பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் உள்ளே சேமிக்கப்படுவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. எழுத்துரு ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வேஷம் போடுகிறது. அந்த எழுத்துரு இல்லாத போனில் வேஷம் கலைந்துவிடும். சாதாரண ஆங்கில எழுத்துகள், நடுநடுவே அரைப்புள்ளி என்று வந்தால் இந்த வகைதான். மெயில் செட்டிங்கை எவ்வளவு மாற்றினாலும் பயன் இல்லை. என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிக்கொள்ளலாம். கடிதம் மட்டும் என்றால் பி.டி.எஃப். ஆக அனுப்பச் சொல்லுங்க, எழுத்துரு அதற்குள்ளேயே சேர்ந்து வரும்.

ஆனால் ஒன்று. ஆதார் எண், வங்கிக் கணக்கு எண்ணோடு முழு லிஸ்ட்டையும் முன்பின் தெரியாத இணையதள மாற்றியில் ஒட்டாதீங்க. பெயர் உள்ள பத்தியை மட்டும் எடுத்துப் போட்டாலே போதும்.

எக்செல்லில்தான் நிறைய பேர் சிக்குறாங்க

மெயில் சரியாக இருக்கும், இணைப்பில் வரும் சி.எஸ்.வி. ஃபைல் மட்டும் கிறுக்கலாகும். டபுள் கிளிக் செய்து திறக்கும்போது எக்செல் பழைய அட்டவணையை எடுத்துக்கொள்வதுதான் காரணம். வெற்று எக்செல்லைத் திறந்து, 'டேட்டா' பகுதியில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சி.எஸ்.வி.' கொடுத்து, 'ஃபைல் ஒரிஜின்' என்ற இடத்தில் 65001 யுடிஎஃப்-8 தேர்வு செய்தால் பெயர்கள் தமிழில் வந்துவிடும்.

கிறுக்கலாகத் தெரியும்போது மட்டும் 'சேவ்' கொடுத்துவிடாதீங்க. அந்தக் கிறுக்கலே அசலாகப் பதிந்துவிடும், அதன் பிறகு பிரிப்பது கஷ்டம். மெயிலில் வந்த ஃபைலைத் தொடாமல் வைத்து, இன்னொரு பிரதியில் வேலை பாருங்க. லிஸ்ட் அனுப்புகிறவராக இருந்தால், சேமிக்கும்போது வெறும் 'சி.எஸ்.வி.' என்பதை விட்டுவிட்டு 'சி.எஸ்.வி. யுடிஎஃப்-8' என்பதைத் தேர்வு செய்யுங்க. இரண்டும் ஒரே பட்டியலில்தான் இருக்கும்.