பாரிஸில் எரிந்த தல்மூத்: மத்திய கால யூத அறிஞர்களின் உரை மரபு

பாரிஸ் நகராட்சி மன்றத்துக்கு முன்பாக உள்ள பெரிய சதுக்கம் 13ஆம் நூற்றாண்டில் கிரேவ் சதுக்கம் என்று அழைக்கப்பட்டது. யூதர்களின் சமயச் சட்ட நூலான தல்மூத்தின் கையெழுத்துப் பிரதிகள் 1242ஆம் ஆண்டில் 24 வண்டிகளில் ஏற்றப்பட்டு அங்கு கொண்டுவரப்பட்டு எரிக்கப்பட்டன. இது 1244இல் நடந்தது என்று கூறும் வரலாற்றாசிரியர்களும் உண்டு.

அந்தச் சதுக்கம், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதியிலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தூரத்தில் உள்ளது. பொண்டி போன்ற புறநகர்களில் இருந்து தொடருந்தில் வந்து லா சப்பலில் பொருட்கள் வாங்கிச் செல்லும் தமிழர்கள் பலர், நூலகம் ஒன்று எரிந்த நகரமான யாழ்ப்பாணத்தையும் அதன் சுற்றுப்புறங்களையும் பூர்வீகமாகக் கொண்டவர்கள். பாரிஸ் எரிப்புக்கு இட்டுச் சென்ற வாதமும், எரிந்த நூல்களுக்குப் பின்னால் இருந்த கல்வி மரபும் அவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது.

விவாதங்களின் நூல்

தல்மூத் என்பது விவிலியத்தைப் போன்ற இறைவாக்கு நூல் அல்ல. கி.பி. 200ஆம் ஆண்டையொட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பையும், அதன் மீது பல தலைமுறை அறிஞர்கள் நடத்திய விவாதங்களையும் அது உள்ளடக்கியது. இந்த விவாதங்கள் பாபிலோனிய யூதக் கல்விக் கூடங்களில் ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டளவில் தொகுக்கப்பட்டன. வென்ற கருத்துடன் தோற்ற கருத்தும் அதில் பதிவாகியிருக்கிறது.

கண்ணுக்குக் கண் என்று விவிலியத்தில் வரும் விதியை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். அந்த விதி, கண்ணை இழந்தவருக்குப் பண இழப்பீடு வழங்குவதையே குறிக்கிறது என்று தல்மூத் அறிஞர்கள் நீண்ட வாதங்களின் மூலம் நிறுவினர். அதாவது, மூல நூல் என்ன சொல்கிறது என்பதை உரையே முடிவு செய்கிறது. பிற்காலத்தில் பாரிஸில் எழுந்த பிரச்சினையின் வேர் இதில்தான் இருக்கிறது.

த்ருவா நகரத்து உரையாசிரியர்

இந்தக் கடினமான நூலை ஐரோப்பிய யூதர்களுக்கு எட்டச் செய்தவர், ராஷி என்று சுருக்கமாக அறியப்படும் ரப்பி ஷ்லோமோ இட்ஸ்ஹாகி. 1040இல் பிறந்து 1105இல் மறைந்த இவர், பாரிஸுக்குத் தென்கிழக்கே ஷம்பாஞ் பகுதியில் உள்ள த்ருவா நகரைச் சேர்ந்தவர். ஜெர்மனியின் மைன்ஸ், வோர்ம்ஸ் நகரங்களில் கற்றுத் திரும்பிய அவர், தல்மூத்தின் பெரும் பகுதிக்கும் விவிலியத்தின் பெரும்பாலான நூல்களுக்கும் உரை எழுதினார். 1096இல் முதலாவது சிலுவைப் போருக்குப் புறப்பட்ட கூட்டங்கள், அவர் கற்ற அதே நகரங்களில் யூதர்களைப் படுகொலை செய்ததும் அவரது வாழ்நாளிலேயே நடந்தது.

ராஷியின் உரை சுருக்கமானது. மாணவன் எங்கு தடுக்கி விழுவானோ அங்கு மட்டும் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். எபிரேயத்தில் விளக்க முடியாத இடங்களில், தன் ஊரில் பேசப்பட்ட பிரெஞ்சுச் சொல்லை எபிரேய எழுத்தில் எழுதிக் காட்டுவார். இவ்வாறு அவர் விட்டுச் சென்ற ஆயிரக்கணக்கான சொற்கள், 11ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு மொழியை ஆராய்வோருக்கு இன்றும் முக்கியமான சான்று. பிரெஞ்சு மொழி வரலாற்றின் ஒரு பகுதி ஒரு யூத சமய உரையின் ஓரத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

அவரது பேரர்களும் அவர்களது மாணவர்களும் ராஷியின் உரையையே கேள்விக்கு உட்படுத்தினர். இந்த இடத்தில் இப்படிச் சொன்னவர் அந்த இடத்தில் வேறு விதமாகச் சொல்வது ஏன் என்று கேட்டு அவர்கள் எழுதிய குறிப்புகள், 'சேர்க்கைகள்' என்று பொருள்படும் தொசாஃபோத் என்ற பெயரால் அறியப்படுகின்றன. ராஷியின் பேரர்களில் ஒருவரான யாக்கோப், ரப்பேனு தாம் என்று புகழ்பெற்றவர், இந்த மரபின் தலைமகன்.

தமிழ் வாசகர்களுக்கு இந்த முறை புதிதல்ல. ஏறக்குறைய ராஷியின் காலத்தவராகக் கருதப்படும் இளம்பூரணர் தொல்காப்பியத்துக்கு உரை கண்டார். பின்னர் வந்த சேனாவரையர் அவரை மறுத்தார். அதற்கும் பின்னர் வந்த நச்சினார்க்கினியர் முன்னோர் கருத்துகளில் சிலவற்றை ஏற்றார், சிலவற்றைத் தள்ளினார். உரையாசிரியரை மறுப்பது அவருக்குச் செய்யும் மரியாதை என்று கருதப்பட்ட இரண்டு கல்வி உலகங்கள், ஒன்றையொன்று அறியாமல் ஒரே காலத்தில் இயங்கியிருக்கின்றன.

பாப்பரசரின் கடிதங்கள்

13ஆம் நூற்றாண்டில் பாரிஸில் இருந்த யூதக் கல்விக் கூடத்துக்கு ரப்பி யெகியேல் தலைமை வகித்தார். அதே நகரத்தில்தான் கிறிஸ்தவ இறையியலின் மையமாகப் பாரிஸ் பல்கலைக்கழகமும் வளர்ந்து கொண்டிருந்தது.

யூத சமூகத்திலிருந்து விலக்கப்பட்டு, பின்னர் கிறிஸ்தவத்தைத் தழுவிய நிக்கோலா டோனான் என்பவர், தல்மூத்துக்கு எதிராக 35 குற்றச்சாட்டுகளைப் பாப்பரசர் ஒன்பதாம் கிரகோரியிடம் முன்வைத்தார். 1239இல் பாப்பரசர், பிரான்ஸ், இங்கிலாந்து மற்றும் ஐபீரிய நாடுகளின் அரசர்களுக்கும் ஆயர்களுக்கும் கடிதங்கள் எழுதி, யூதர்களின் நூல்களைக் கைப்பற்றுமாறு கோரினார். 1240ஆம் ஆண்டு தவக்காலத்தின் முதலாவது சனிக்கிழமை, யூதர்கள் தொழுகைக் கூடங்களில் இருக்கும் நேரத்தில் இது செய்யப்பட வேண்டும் என்பது உத்தரவு. அரசர்களில் அதை முழுமையாக நிறைவேற்றியவர், பின்னாளில் புனிதராக அறிவிக்கப்பட்ட பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயி மட்டுமே.

யூதர்களின் நூல்கள் மீது திருச்சபைக்கு அதுவரை இல்லாத கோபம் அப்போது எழுந்தது ஏன்? தல்மூத்தில் கிறிஸ்தவத்தை இழிவுபடுத்தும் பகுதிகள் உள்ளன என்பது வெளிப்படையான குற்றச்சாட்டு. அதைவிட ஆழமான காரணம் இன்னொன்று. பழைய ஏற்பாட்டைக் காத்து வருபவர்கள், கிறிஸ்தவ உண்மைக்குத் தம்மை அறியாமலே சாட்சிகளாக நிற்பவர்கள் என்ற அடிப்படையில், யூதர்களை வாழவிட வேண்டும் என்று புனித அகுஸ்தீன் காலம் முதல் திருச்சபை கூறி வந்தது. ஆனால் அவர்கள் பழைய ஏற்பாட்டை நேரடியாகப் பின்பற்றவில்லை, தங்கள் ரப்பிகளின் உரை வழியாகவே பின்பற்றுகின்றனர் என்று டோனான் காட்டியபோது, அந்தச் சகிப்பின் அடித்தளமே ஆட்டம் கண்டது. இங்கு குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டது உரை மரபுதான் என்று சொல்வது மிகையாகாது.

1240ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நடந்த விசாரணையில், மன்னரின் தாயார் பிளான்ஷ் முன்னிலையில் யெகியேல் பதிலளித்தார். கூஸி நகர மோசே, மெலன் நகர யூதா ஆகிய ரப்பிகளும் அழைக்கப்பட்டிருந்தனர். தல்மூத் இல்லாமல் வேதத்தைப் புரிந்துகொள்ள முடியாது என்பது யெகியேலின் முதன்மை வாதம். தல்மூத்தில் பழிக்கப்படும் இயேசு வேறொருவர் என்றும், பிரான்ஸில் லூயி என்று பெயர் கொண்ட எல்லோரும் மன்னர் அல்லவே என்றும் அவர் கூறியதாக எபிரேயப் பதிவு தெரிவிக்கிறது. இந்தப் பதிவில் யெகியேல் வெற்றியாளராகத் தோன்றுகிறார். இலத்தீன் ஆவணமோ அவர் கூறியவற்றைக் குற்ற ஒப்புதலாகவே பதிவு செய்திருக்கிறது. இரு தரப்பும் சமமாக வாதிட்ட மேடையாக இதைக் கருத முடியாது. யெகியேல் நின்றது விசாரிக்கப்படுபவரின் இடத்தில்.

எரிந்ததும் எஞ்சியதும்

எரிக்கப்பட்ட நூல்களின் எண்ணிக்கை பல ஆயிரம் இருக்கலாம். அச்சு இயந்திரம் வருவதற்கு இரண்டு நூற்றாண்டுகள் முந்திய காலம் அது. ஒவ்வொரு பிரதியும் தோலில் கையால் எழுதப்பட்டது. அப்போது பாரிஸில் மாணவராக இருந்தவரும் பின்னர் ஜெர்மன் யூதர்களின் தலைசிறந்த சட்ட அறிஞராக விளங்கியவருமான ரோதன்பர்க் நகர மெயிர் இயற்றிய இரங்கற்பா, எருசலேம் ஆலயத்தின் அழிவை நினைவுகூரும் நோன்பு நாளில் ஐரோப்பிய மரபைச் சேர்ந்த யூதர்களால் இன்றும் ஓதப்படுகிறது. ஆலயம் இடிந்ததும் நூல் எரிந்ததும் அவர்களுக்கு ஒரே துக்க நாளில் அடங்குகின்றன.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981ஆம் ஆண்டு மே 31 நள்ளிரவை ஒட்டித் தீக்கிரையானபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அழிந்தன. அந்தத் தீயைக் கண்ட அதிர்ச்சியில் உயிர்நீத்தவராக, பன்மொழி அறிஞரான தாவீது அடிகள் நினைவுகூரப்படுகிறார். ஆனால் இரு நிகழ்வுகளையும் ஒன்றாக்கிவிட முடியாது. பாரிஸில் குற்றச்சாட்டு எழுதப்பட்டது, விசாரணை நடந்தது, தீர்ப்பின் பெயரால் தீ மூட்டப்பட்டது. யாழ்ப்பாணத்தில் நூல்களுக்கு எதிராக எந்தக் குற்றமும் சுமத்தப்படவில்லை. பாரிஸில் எரிந்த நூலின் பிரதிகள் ஸ்பெயினிலும் ஜெர்மனியிலும் எகிப்திலும் இருந்தன. யாழ்ப்பாணத்தில் எரிந்த சுவடிகள் சிலவற்றுக்கு மறுபிரதி கிடையாது.

பாரிஸ் தீக்குப் பிறகு நடந்தவற்றில் முரண்கள் அதிகம். தல்மூத்தைக் கண்டித்தவர்களுக்குச் சான்று தேவைப்பட்டதால், 1244-45ஆம் ஆண்டுகளில் அதன் பெரும் பகுதிகள் பாரிஸிலேயே இலத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டன. தல்மூத் இவ்வளவு விரிவாக இலத்தீனுக்குச் சென்றது அதுவே முதல் முறை. தல்மூத் இல்லாமல் தங்கள் சமயத்தைப் பின்பற்ற முடியாது என்ற யூதர்களின் முறையீட்டை அடுத்து, பாப்பரசர் நான்காம் இன்னொசென்ட் 1247இல் மறுபரிசீலனைக்கு உத்தரவிட்டார். எனினும் பாப்பரசரின் தூதர் ஓடோ தலைமையிலான பாரிஸ் அறிஞர் குழு 1248இல் கண்டனத்தை உறுதி செய்தது. அதில் கையொப்பமிட்டவர்களில் பேரறிஞர் ஆல்பெர்ட்டும் ஒருவர். அவரது மாணவரான தோமஸ் அக்குவைனஸ், பின்னர் அதே பாரிஸில் இறையியல் கற்பித்தபோது, எகிப்தில் வாழ்ந்து 1204இல் மறைந்த யூதத் தத்துவ அறிஞர் மைமோனிடீஸை ரப்பி மோசே என்று பெயர் சொல்லி மேற்கோள் காட்டினார். யூதரின் தத்துவம் பல்கலைக்கழகத்துக்குள் நுழைய முடிந்தது. யூதரின் சட்ட விவாதத்துக்கு அந்த அனுமதி கிடைக்கவில்லை.

யெகியேல் 1260ஆம் ஆண்டளவில் தன் மகனுடன் பாலஸ்தீனக் கரையோர நகரான ஆக்ருக்குப் புறப்பட்டுச் சென்றார். பாரிஸ் கல்விக் கூடம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 1306இல் மன்னர் நான்காம் பிலிப் பிரான்ஸின் யூதர்களை வெளியேற்றி உடைமைகளைப் பறிமுதல் செய்தார். இடையில் திரும்ப அனுமதிக்கப்பட்டவர்களும் 1394இல் வெளியேற்றப்பட்டனர். கல்வி மையங்கள் ஜெர்மனிக்கும் ஸ்பெயினுக்கும், பின்னர் போலந்துக்கும் நகர்ந்தன.

பாபிலோனியத் தல்மூத் கிட்டத்தட்ட முழுமையாக எஞ்சியுள்ள ஒரே மத்திய காலக் கையெழுத்துப் பிரதி, தீ மூட்டப்பட்டு ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர், 1342இல் பிரான்ஸில் எழுதப்பட்டது. அது இப்போது மியூனிக் நகரிலுள்ள பவேரிய அரசு நூலகத்தில் இருக்கிறது. 1520களில் வெனிஸ் நகரில் தானியேல் பொம்பெர்க் என்ற கிறிஸ்தவ அச்சாளர் தல்மூத்தை முழுமையாக அச்சிட்டார். நடுவில் மூல நூலும், உட்புற ஓரத்தில் ராஷியின் உரையும், வெளிப்புற ஓரத்தில் தொசாஃபோத்தும் அமைந்த அவரது பக்க வடிவமே உலகெங்கும் உள்ள யூதக் கல்விக் கூடங்களில் இன்று வரை தொடர்கிறது.