தாழ்தள பஸ்சில் வீல்சேர்: கொக்கி மாட்டிய பிறகே 'ரைட்' கொடுக்க வேண்டும்

சென்னை,

வீல்சேரில் இருப்பவர் டவுன் பஸ்சில் போவது என்பது சென்னையில் சில ஆண்டுகளுக்கு முன்பு வரை நடக்காத காரியம். தூக்கி ஏற்ற 2 பேர் வேண்டும். வீல்சேரை மடக்கி உள்ளே போட இன்னொருவர் வேண்டும். அதற்குள் கண்டக்டர் விசில் ஊதி விடுவார். இதனால் ஆஸ்பத்திரிக்கு போனாலும், வேலைக்கு போனாலும் ஆட்டோவுக்கு கொட்டிக் கொடுத்தார்கள். பணம் இல்லாதவர்கள் வீட்டிலேயே முடங்கினார்கள்.

மாற்றுத்திறனாளிகள் ஐகோர்ட்டு வரை போய் நீண்ட காலம் போராடிய பிறகு நிலைமை கொஞ்சம் மாறி இருக்கிறது. 2024-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மாநகர் போக்குவரத்து கழகம் புதிய தாழ்தள பஸ்களை ரோட்டில் விட்டது. 2025-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி வியாசர்பாடி பணிமனையில் இருந்து 120 தாழ்தள மின்சார பஸ்கள் கிளம்பின. அதே ஆண்டில் பெரும்பாக்கம் பணிமனைக்கும் மின்சார பஸ்கள் வந்தன. கோவை, மதுரையிலும் தாழ்தள பஸ்கள் ஓடுகின்றன.

சரி, பஸ் வந்தாச்சு. சாய்தளம் வழியாக வீல்சேரும் ஏறியாச்சு. அதோடு வேலை முடிந்ததா என்றால் இல்லை. ஆபத்தே பஸ் கிளம்பிய பிறகுதான் ஆரம்பிக்கிறது.

மோதல் தேவை இல்லை, ஒரு பிரேக் போதும்

வீல்சேரில் இருப்பவர் பஸ்சுக்குள் அடிபட, பஸ் எதன் மீதும் மோத வேண்டியது இல்லை. குறுக்கே ஒரு பைக் பாய்கிறது, டிரைவர் பிரேக்கில் காலை வைக்கிறார். அவ்வளவுதான். நிற்கிற பயணி கம்பியை பிடித்து சமாளிப்பார். சீட்டில் இருப்பவர் முன் சீட்டில் கையை ஊன்றுவார். வீல்சேரில் இருப்பவருக்கு இரண்டும் கிடையாது. இடுப்புக்கு கீழே பலம் இல்லாதவர் என்றால் காலை ஊன்றவும் வழி இல்லை.

"ஹேண்ட் பிரேக் போட்டாச்சே, அது போதாதா?" என்று பலரும் நினைக்கிறார்கள். போதாது. சாதாரண வீல்சேரின் பிரேக் பின்னால் உள்ள 2 பெரிய சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். முன்னால் உள்ள 2 சின்ன சக்கரங்கள் நாலா பக்கமும் திரும்பும். சக்கரம் சுற்றாவிட்டாலும் வீல்சேர் தரையில் வழுக்கிக் கொண்டு போகலாம். மழை நாளில் கேட்கவே வேண்டாம்.

பஸ் சட்டென்று கிளம்பினால் வீல்சேர் பின்பக்கமாக மல்லாக்க சாயும். பிரேக் போட்டால் உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிந்து தரையில் விழுவார். பஸ் வலது பக்கம் வளைந்தால் வீல்சேர் இடது பக்கம் கவிழப் பார்க்கும். இந்த 3 பக்க ஆபத்துக்கும் சேர்த்துதான் கட்டு போட வேண்டும்.

வெளிநாடுகளில் இந்த கொக்கி, பெல்ட்டுகளை சோதிக்கும்போது மணிக்கு 48 கிலோ மீட்டர் வேகத்தில் வண்டி மோதுவது போல செய்து பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் பொருளின் எடையைப் போல சுமார் 20 மடங்கு விசை முன்னால் இழுக்கும். 15 கிலோ வீல்சேர் 300 கிலோ மாதிரி இழுக்கும். 85 கிலோ பேட்டரி வீல்சேர் என்றால் 1,700 கிலோ. கையால் பிடித்து நிறுத்துகிற கதை எல்லாம் இங்கே எடுபடாது. பெரிய டவுன் பஸ்சில் இவ்வளவு விசை வருவது அபூர்வம். ஆனால் வேனில் வரும். வீல்சேரோடு ஆளை வேனில் ஏற்றி, பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொண்டு போகும் வழக்கம் இங்கு நிறைய உண்டு. பஸ்சை விட அதுதான் பெரிய ஆபத்து.

4 கொக்கி எங்கே மாட்ட வேண்டும்?

முன்பக்கம் பார்த்து நிற்கும் வீல்சேருக்கு உலகம் முழுவதும் நம்பிக்கையான முறை 4 முனை கட்டுதான். முன்னால் 2 பெல்ட், பின்னால் 2 பெல்ட். ஒரு முனை பஸ் தரையில் உள்ள பிடியில் பூட்டிக்கொள்ளும். மறுமுனையில் உள்ள கொக்கி வீல்சேரில் மாட்டும். லாரியில் லோடு கட்டி இறுக்குகிற பெல்ட்டை பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

கொக்கியை கண்ட இடத்தில் மாட்டக்கூடாது என்பதுதான் இதில் முக்கியம். கால் வைக்கும் தட்டு, கைப்பிடி, சக்கரத்தின் கம்பிகள் ஆகியவற்றில் மாட்டவே கூடாது. கழற்றி மாட்டக்கூடிய எந்த பாகமும் இழுத்தால் கையோடு வந்து விடும். வெல்டிங் செய்த இரும்பு சட்டம் இருக்கிறதே, அதில் இரண்டு குழாய் சேரும் மூட்டுக்கு பக்கத்தில் மாட்ட வேண்டும். பின் பெல்ட்டுகள் சக்கரத்தில் உரசாமல், முறுக்கு இல்லாமல், தரையில் இருந்து சாய்வாக மேலே வர வேண்டும். பிறகு நன்றாக இறுக்க வேண்டும்.

கட்டி முடித்ததும் வீல்சேரை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் பஸ்சில் கட்டிய வீல்சேர் எந்த பக்கமும் 2 அங்குலத்துக்கு மேல் நகரக்கூடாது என்று விதியே இருக்கிறது. இரண்டு விரல் அகலத்தை விட கொஞ்சம் அதிகம். நம்ம ஊருக்கும் அந்த கணக்கை வைத்துக்கொள்ளலாம்.

பேட்டரி வீல்சேர் என்றால் சுவிட்சை அணைத்து விட வேண்டும். யாராவது தெரியாமல் கட்டை விரலை வைத்தால் கூட வண்டி கிளம்பி விடும். மடியில் பை, சாப்பாட்டு கேரியர், ஆஸ்பத்திரி பைல் எதுவும் இருக்கக்கூடாது. பிரேக் போட்டால் அதுவும் பறக்கும்.

வீல்சேரை பக்கவாட்டில், அதாவது ஜன்னலைப் பார்த்தோ, நடைபாதையைப் பார்த்தோ நிறுத்துவது எந்த முறையிலும் சரி கிடையாது.

வீல்சேருக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று

இங்கேதான் பெரும்பாலானோர் ஏமாந்து போகிறார்கள். 4 கொக்கியும் வீல்சேரைத்தான் பிடிக்கும். அதில் உட்கார்ந்திருப்பவரை பிடிக்காது. வீல்சேர் அசையாமல் நிற்க, ஆள் மட்டும் முன்னால் விழுந்தால் என்ன பிரயோஜனம்? ஆளுக்கு தனி பெல்ட் வேண்டும்.

வீல்சேரிலேயே ஒரு சின்ன பெல்ட் வருமே என்று கேட்கலாம். அது நிமிர்ந்து உட்காருவதற்காக கொடுத்த பெல்ட். வண்டி மோதும்போது தாங்குகிற பெல்ட் அல்ல. பஸ்சில் உள்ள பெல்ட்டைத்தான் போட வேண்டும். அதுவும் வயிற்றின் மேல் அல்ல, அதற்கு கீழே இடுப்பு எலும்பின் மேல். வீல்சேரின் கைப்பிடிக்கு மேலே சுற்றிப் போட்டால் பெல்ட் உடம்பில் படாமல் அந்தரத்தில் நிற்கும். கைப்பிடிக்கு உள்பக்கமாக விட்டு மாட்ட வேண்டும். தோள் பெல்ட் இருந்தால் கழுத்தில் உரசாமல் தோளின் நடுவில் வர வேண்டும்.

மாட்டுவதற்கு முன்பு ஒரு வார்த்தை கேட்பது மரியாதை. "சார், பெல்ட் மாட்டட்டுமா?", "அம்மா, இந்த முனையை நீங்களே மாட்டிக்கறீங்களா?" என்று கேட்டாலே போதும். பெண் பயணி என்றால் பெல்ட் முனையை அவர் கையிலோ, கூட வந்தவர் கையிலோ கொடுத்து விடலாம். கண்டக்டர் குனிந்து தரை கொக்கியை மட்டும் பார்த்துக்கொண்டால் சங்கடம் இல்லை. கேட்காமல் பின்னால் இருந்து வீல்சேரை தள்ளுவது, உதவி என்ற பெயரில் ஆளை அப்படியே தூக்குவது இரண்டும் தப்பு.

பின்பக்கம் பார்த்து உட்காரும் முறை

லண்டன் போன்ற ஊர்களில் டவுன் பஸ்சில் இத்தனை கொக்கி மாட்டுவது இல்லை. அங்கே வீல்சேரை பஸ்சின் பின்பக்கம் பார்த்த மாதிரி நிறுத்துகிறார்கள். முதுகுக்கு பின்னால் பஸ்சோடு சேர்ந்த உறுதியான பலகை ஒன்று இருக்கும். பிரேக் போட்டால் வீல்சேரும் ஆளும் அந்த பலகையில்தான் சாய்வார்கள். விழ வழி இல்லை. ஒரு பக்கம் பஸ்சின் சுவர். நடைபாதை பக்கம் கவிழாமல் இருக்க ஒரு கம்பி. இதற்கு 130 செ.மீ. நீளம், 75 செ.மீ. அகலம் இடம் வேண்டும் என்பது ஐரோப்பிய கணக்கு.

யாருடைய உதவியும் இல்லாமல் அரை நிமிடத்தில் இடத்தில் போய் நின்று விடலாம் என்பது இதில் லாபம். ஆனால் முதுகு பலகையை ஒட்டி நிற்க வேண்டும். இடைவெளி விட்டு நின்றால் பலகை இருந்தும் பயன் இல்லை. பெரிய, கனமான டவுன் பஸ்சுக்குத்தான் இந்த முறை பொருந்தும். வேனுக்கு பொருந்தாது.

மெட்ரோ ரெயிலில் பொதுவாக இந்த மாதிரி கட்டு எல்லாம் போடுவது இல்லையே என்று சிலருக்கு தோன்றலாம். ரெயில் மெதுவாக வேகம் எடுத்து மெதுவாக நிற்கும். மாடு குறுக்கே வந்தது என்று வளைத்து ஓட்டாது. ரோடு கதை வேறு.

சட்டம் என்ன சொல்கிறது?

போக்குவரத்து வசதிகள் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமை சட்டத்தின் 41-வது பிரிவு சொல்கிறது. இதன் பிறகு 2019-ம் ஆண்டு டிசம்பர் மாதம் மத்திய மோட்டார் வாகன விதிகளில் திருத்தம் வந்தது. பஸ்சில் முன்னுரிமை சீட்டு, ஊன்றுகோலை வைக்க இடம், பிடிக்க கம்பி, வீல்சேர் ஏறவும் நிற்கவும் பூட்டவும் வசதி ஆகியவை வேண்டும் என்றும், எப்.சி. பார்க்கும்போதே இவை சரிபார்க்கப்படும் என்றும் அதில் கூறப்பட்டது. 2020-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி முதல் இது அமலுக்கு வந்தது.

ஆக, பூட்டும் வசதி இருக்கிறதா என்று எப்.சி.யில் பார்க்கிறார்கள். தினமும் அதை மாட்டுகிறார்களா என்று பார்ப்பது யார்? அமெரிக்காவில், கேட்டால் டிரைவர் சீட்டை விட்டு எழுந்து வந்தாவது கொக்கி மாட்ட உதவ வேண்டும் என்று விதியில் எழுதி இருக்கிறார்கள். வீல்சேர் சரியாக கட்ட வரவில்லை என்ற காரணத்தை சொல்லி ஆளை ஏற்றாமல் போகவும் கூடாது. நம்ம ஊரில் கண்டக்டர் இருப்பது ஒரு வகையில் கூடுதல் வசதி.

அதற்காக கண்டக்டர் தலையில் மட்டும் பழியை போடுவதும் நியாயம் இல்லை. 4 கொக்கியும் பெல்ட்டும் மாட்ட பழகிய கைக்கே சில நிமிடங்கள் ஆகும். டிரிப் டைமில் அந்த நிமிடங்களை சேர்க்காமல், லேட் ஆனால் டிரைவரையும் கண்டக்டரையும் கேள்வி கேட்டால் அவர்கள் எங்கே கொக்கியை தேடுவார்கள்? பணிமனையில் காலி பஸ்சை நிறுத்தி, வீல்சேரை வைத்து மாட்டிக் காட்டினால் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்கிற வேலைதான் இது.

ஸ்டாப்பில் தொடங்கும் பிரச்சினை

தாழ்தள பஸ்சின் தரை ரோட்டில் இருந்து சுமார் 40 செ.மீ. உயரம். ஸ்டாப்பில் நின்றதும் டிரைவர் சுவிட்சை போட்டால் பஸ் ஒரு பக்கமாக சில செ.மீ. கீழே சாயும். பஸ் நடைமேடையை ஒட்டி நின்றால் 15 செ.மீ. மேடை உயரம் கழிந்து, சாய்தளம் லேசான சரிவாக இருக்கும். ஆனால் ஸ்டாப்பில் ஷேர் ஆட்டோவும் பைக்கும் நின்றால் பஸ் நடு ரோட்டில்தான் நிற்கும். அப்போது சாய்தளம் ரோட்டில் இறங்கி செங்குத்தாகி விடும். ஏறும்போது வீல்சேர் மல்லாக்க சாய்வது இப்படித்தான். பின்னால் ஒருவர் பிடித்தபடி வர வேண்டும்.

உள்ளே போனாலும் வீல்சேருக்கான இடம் காலியாக இருக்க வேண்டுமே? காலை நெரிசலில் அங்கே 4 பேர் நிற்பார்கள். மூட்டையும் இருக்கும். யாரும் வீல்சேரில் வராதபோது நிற்பதில் தப்பு இல்லை. வந்தால் நகர வேண்டும். இங்கிலாந்தில் இந்த இடத்துக்காகவே ஒருவர் கோர்ட்டுக்கு போனார். 2012-ல் குழந்தை வண்டி இடத்தை அடைத்துக்கொண்டதால் டக் பாலி என்பவர் பஸ்சில் ஏற முடியவில்லை. இடத்தில் இருப்பவரை நகரும்படி டிரைவர் ஒரு தடவை கேட்டு விட்டு சும்மா இருந்தால் போதாது, அதற்கு மேலும் முயற்சி செய்ய வேண்டும் என்று அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டு 2017-ம் ஆண்டு ஜனவரியில் தீர்ப்பு சொன்னது.

இறங்கும்போது கவனம்

ஸ்டாப் வருகிறது என்று முன்கூட்டியே கொக்கியை கழற்றுவது வழக்கமாக நடக்கும் தவறு. கடைசி பிரேக்கில்தான் ஆள் விழுவார். பஸ் முழுதாக நின்று, கதவு திறந்த பிறகே கழற்ற வேண்டும். சாய்தளத்தில் இறங்கும்போது வீல்சேரை பின்பக்கமாக திருப்பி, கீழே ஒருவர் நின்று தாங்கியபடி மெதுவாக இறக்குவது நல்லது.

கழற்றிய பெல்ட்டுகளை தரையில் போட்டு விட்டு போகக்கூடாது. நாலு பேர் மிதித்து, மண் ஏறி, பூட்டு சிக்கிக்கொள்ளும். சுருட்டி அதற்கான இடத்தில் வைக்க வேண்டும். கொக்கி காணவில்லை, பூட்டு பிடிக்கவில்லை என்றால் பஸ் நம்பர், தடம் எண், நேரம் மூன்றையும் குறித்துக்கொண்டு புகார் கொடுக்கலாம். அடுத்த டிரிப்பில் அதே இடத்துக்கு இன்னொரு வீல்சேர் வரும்.